காவல், காவற்காரன், காவல்நாய்: அருப்புக்கோட்டை–திருச்சுழி வறண்ட நாட்டில் ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் 'வாட்ச்டாக்' என்னும் சொல் முதலில் வீட்டையும் தொழுவத்தையும் காக்கும் நாயையே குறித்தது. பின்னர் அது, அதிகாரத்திலிருப்போரின் செயல்களை விழிப்புடன் நோக்கித் தவறு கண்டவிடத்துக் குரல் எழுப்பும் மனிதரையும் நிறுவனத்தையும் குறிக்கும் உருவகமாயிற்று. பத்திரிகை, கணக்குத் தணிக்கைத் துறை, மனித உரிமைக் குழுக்கள் ஆகிய யாவும் இன்று அப்பெயரைப் பெறுகின்றன. ஆனால் நம் தமிழ் நாளேடுகள் இச்சொல்லை மொழிபெயர்க்கும்போது பெரும்பாலும் 'கண்காணிப்பு அமைப்பு' என்றே எழுதுகின்றன. கண்காணிப்பு மிஞ்சுகிறது; நாய் காணாமற் போகிறது. மதிப்புக்குரிய ஒருவரை நாய் என்று சொல்லத் தமிழ் நா கூசுகிறது என்பதே இதற்குக் காரணமாகலாம்.

திருமறையோ இவ்விடத்தில் கூசவில்லை. ஏசாயா 56:10இல் தீர்க்கதரிசி தம் மக்களின் காவற்காரரைக் குருடர் என்றும், குலைக்கமாட்டாத ஊமை நாய்கள் என்றும் கடிந்துரைக்கிறார். இவ்வசனத்தை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கிராமச் சபைகளில் விளக்க முற்படும் திருப்பணியாளர் விரைவில் ஒன்றை உணர்வார். அங்கே 'காவற்காரன்' என்பது வேதாகமச் சொல் மட்டுமன்று. அச்சொல்லுக்கு நெடிய நினைவு உண்டு. அந்நினைவில் நன்றியும் அச்சமும் கலந்தே கிடக்கின்றன. அச்சொல்லின் வரலாற்றை ஓரளவேனும் அறியாமல் அவ்வசனத்தை அங்கு விளக்குதல் அரிது என்பது எமது கருத்து.

முதலில் நாட்டின் இயல்பை நோக்குவோம். குண்டாறு இப்பகுதியின் ஊடே செல்கிறதாயினும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. கண்மாய்ப் பாசனமுள்ள இடத்தில் நெல். மற்றைய கரிசலிலும் செவலிலும் பருத்தி, கம்பு, சோளம், மல்லி, மிளகாய். மழை பொய்த்தால் எல்லாம் பொய்த்துப்போம். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சத்தை இந்நாடு எளிதில் மறக்கவில்லை. இத்தகைய நிலத்தில் ஒரு குடும்பத்தின் செல்வம் என்பது உழவு மாடு ஒரு சோடி, சில ஆடுகள், களத்தில் குவிந்து கிடக்கும் தவசம் ஆகியவையே. இவற்றுள் ஒன்று ஓரிரவில் மறைந்தால் அக்குடும்பம் அடுத்த மழைவரை எழ இயலாது. ஆகவே காவல் இங்கு உயிர்வாழ்வின் தேவையாகவே இருந்தது. ஏசாயா 1:8இல் வரும் வெள்ளரித் தோட்டத்துக் குடிசையை இந்நாட்டு மக்களுக்கு விளக்க உரையாசிரியர் எவரும் வேண்டியதில்லை. பரண்மேல் அமர்ந்து கவண் சுழற்றியவர்கள் அவர்கள்.

'கா' என்னும் வினையடியிலிருந்து காத்தல், காப்பு, காவல், காவலன் ஆகிய சொற்கள் பிறந்தன. பழந்தமிழில் காவலன் என்பது அரசனின் பெயர்களுள் ஒன்று. காப்பவனே ஆள்பவன். ஆனால் காப்பவன் கூலி கேட்பவனுமாவான். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்னும் சொல் பல இடங்களில் காணப்படுகிறது. அது ஊரைக் காக்கும் கடமையையும், அக்கடமைக்காக ஊரார் செலுத்தும் வரியையும் ஒருங்கே குறித்தது. பாண்டிய நாட்டின் வடபகுதியிலும் புதுக்கோட்டைச் சீமையிலும் சில ஊர்ச்சபையார் பாடிகாவல் உரிமையை வலிமை படைத்த தலைவர்களுக்கு விற்றுக் கொடுத்த செய்தியையும் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. காவல் அக்காலத்திலேயே வாங்கவும் விற்கவும் கூடிய உரிமையாகிவிட்டது என்பது இங்கு நோக்கத்தக்கது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இராமநாதபுரம் சேதுபதிகளின் ஆட்சிக்குட்பட்ட இப்பகுதியிலும், இதன் மேற்கிலும் தெற்கிலுமிருந்த பாளையங்களிலும் காவல் இரு படிகளாய் இருந்தது. ஒன்று தலக்காவல், ஒரு கிராமத்தின் பயிர், மாடு, வீடு ஆகியவற்றைக் காப்பது. மற்றொன்று தேசக்காவல், பல கிராமங்களும் வழிகளும் அடங்கிய பெரும்பரப்பின் பாதுகாப்பைப் பாளையக்காரர் ஒருவர் ஏற்றுக்கொள்வது. ஏர் ஒன்றுக்கு இவ்வளவு, வீடு ஒன்றுக்கு இவ்வளவு, விளைச்சலில் இவ்வளவு என்று காவற்காரருக்குச் சுவந்திரம் அளக்கப்பட்டது. தென்பாளையங்களின் வரிவசூலுக்குப் பொறுப்பாயிருந்தவரும் பின்னாளில் சென்னை ஆளுநரானவருமான லஷிங்டன், இவ்விருவகைக் காவலையும் குறித்து விரிவாகவும் கடுமையாகவும் கம்பெனியாருக்கு எழுதினார். தேசக்காவல் என்பது காப்பின் பேரால் நிகழும் பறிப்பே என்பது அவர் தீர்ப்பு. அப்பணத்தைத் தாமே வாங்கிக்கொள்ள விரும்பிய ஓர் அரசின் அலுவலர் அவர் என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வமைப்பின் உயிர்நாடி கூலியன்று, ஈட்டுப்பொறுப்பே. ஊரில் களவு போனால் காவற்காரன் பொருளை மீட்டுத் தரவேண்டும். மீட்க இயலாவிடில் அதன் மதிப்பைத் தானே ஈடுசெய்ய வேண்டும். உறங்கிவிட்டேன் என்பது சாக்காகாது. திருமறை மாணவர்க்கு இது புதிதன்று. யாத்திராகமம் 22:10–13 பிறனுடைய மிருகத்தைக் காக்கப் பெற்றுக்கொண்டவனுக்கு இதே சட்டத்தை வைக்கிறது. அது களவு போயிற்றாகில் அவன் ஈடு கொடுக்கவேண்டும். பீறுண்டதாகில் அதைச் சாட்சியாகக் கொண்டுவரவேண்டும். ஆமோஸ் 3:12இல் மேய்ப்பன் சிங்கத்தின் வாயினின்று இரண்டு காலையோ காதின் துண்டையோ பிடுங்கி எடுப்பதும் இச்சட்டத்தின் நிழலிலேயே பொருள் பெறுகிறது; அது அவனது குற்றமின்மைக்குச் சாட்சி. ஆதியாகமம் 31:39இல் யாக்கோபு லாபானிடம் கூறும் முறையீடோ இன்னும் கசப்பானது. பீறுண்டதற்குச் சாட்சி காட்டி விடுபடக்கூடிய இடத்திலும் அவனே நஷ்டத்தைச் சுமந்தான். பகலிற் களவுபோனதும் இரவிற் களவுபோனதும் அவன் கையிலேயே கேட்கப்பட்டன.

இப்பின்னணியில் எசேக்கியேல் 33ஐ வாசிப்போமாக. பட்டயம் வருவதைக் கண்டும் காவலாளன் எக்காளம் ஊதாதிருந்தால், மாண்டவனுடைய இரத்தப்பழி காவலாளன் கையிலே கேட்கப்படும். நம் பிரசங்கங்களில் இது பெரும்பாலும் அச்சமூட்டும் உருவகமாக மட்டும் எடுத்தாளப்படுகிறது. கரிசற்காட்டுச் சம்சாரிக்கோ இது உருவகமன்று; காவல் ஒப்பந்தத்தின் விதி. மாட்டுக்கு மாடு ஈடு கொடுப்பவன் ஆளுக்கு என்ன ஈடு கொடுப்பான் என்னும் கேள்வி அவனுக்கு உடனே எழும். தீர்க்கதரிசியும் அக்கேள்வியையே எழுப்புகிறார்.

இனி இக்காவலின் இருண்ட பக்கத்தையும் மறைக்காது கூறவேண்டும். கூலி தர மறுத்த ஊரில் களவு மிகுந்தது. காணாமற்போன மாட்டைப் பற்றிய தகவலுக்காக இடைத்தரகர் வழியே 'துப்புக்கூலி' என்னும் பணம் கொடுக்கப்பட்டது. கொடுத்தபின் மாடு எங்கோ ஒரு மரத்தடியில் கட்டிக் கிடக்கக் காணப்படும். வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்னும் பழமொழியை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியாது. 1896இல் மதுரை மாவட்டத்தின் திண்டுக்கல் பகுதிக் கிராமத்தார் கள்ளர் காவலை உதறித் தாமே காவலுக்கென நிதி திரட்டியபோது, அவ்வியக்கத்துக்குப் 'பண்டு' என்றே பெயர் வழங்கிற்று. ஆயினும் காவற்காரர் அனைவரும் கள்வரே என்னும் முடிவு, காவல் முறையை ஒழிக்க விரும்பிய அலுவலரின் குறிப்புகளிலிருந்தே பெரும்பாலும் நமக்கு வந்தது. ஊராரே காலந்தோறும் சுவந்திரம் அளந்து பேணிய முறை வெறும் அச்சத்தால் மட்டும் இத்துணைக் காலம் நிலைத்திருக்க முடியுமா என்று ஐயுறுவது வரலாற்று மாணவன் கடமை.

கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாளையக்காரர் எழுச்சி முற்றிலும் ஒடுக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் கம்பெனி அரசு ஆயுதங்களைப் பறிக்கும் பிரகடனத்தை வெளியிட்டது. 1803இல் இராமநாதபுரம் நிரந்தர ஜமீன் ஆயிற்று. தேசக்காவல் கூலி அரசின் கைக்கு மாறியது. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி கிராமக் காவலைக் கிராமத் தலைவர் வழியாக மீண்டும் அமைக்க முயன்றது. 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. இவ்வாறு அறுபது ஆண்டுகளுக்குள் காவல் என்பது ஊராரின் ஒப்பந்தமாயிருந்த நிலை மாறி அரசின் சம்பளப் பணியாயிற்று. போலீஸ்காரன் கூலி வாங்கினான். ஆனால் களவுபோன மாட்டுக்கு ஈடு தரவில்லை. இம்மாற்றத்தின் ஆழத்தைச் சட்ட நூல்கள் கூறுவதில்லை. பழைய காவற்காரரும் மறைந்துவிடவில்லை. சட்டத்துக்குப் புறம்பான காவலாக அவர் பணி தொடர்ந்தது.

இக்காலத்தில்தான் அருப்புக்கோட்டை வேறொரு மாற்றத்தையும் கண்டது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர் பேட்டைகளை அமைத்து, உறவின்முறை என்னும் கட்டுப்பாட்டின்கீழ் மகமை வசூலித்துத் தம் பொதுக்காரியங்களை நடத்தினர். செல்வம் பெருகவே, மறவர்க்குக் காவற்கூலி கொடுப்பதை விடுத்துத் தம் காவலைத் தாமே ஏற்றனர். இந்நாட்டுச் சமுதாய வரலாற்றை ஆய்ந்தோர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மூண்ட பகைமையின் காரணங்களுள் ஒன்றாக இதனைக் காட்டுவர். ஆலய நுழைவுரிமை வேறொரு காரணம். 1897இல் கமுதிக் கோயிலில் நாடார் நுழைந்ததன்மேல் பாஸ்கர சேதுபதி தொடுத்த வழக்கு 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் நாடார்க்கு எதிராகவே முடிந்தது. அதற்கிடையில் 1899 ஜூன் 6ஆம் நாள் சிவகாசி தாக்கப்பட்டது. காக்கும் உரிமையை இழந்தவர், காவல் வேண்டாம் என்றவரைத் தாக்கியது அந்நிகழ்ச்சியின் ஒரு முகம். அக்கலகத்தை அது மட்டுமே விளக்கிவிடும் என்று நாம் கூறவில்லை.

பின்னர் அரசு காவற்காரரையே காவலில் வைத்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் ஒரு சாதியிற் பிறந்தமையையே ஐயத்துக்குப் போதுமான காரணமாக்கியது. ஆண்மக்கள் பெயரைப் பதிவு செய்யவும், இரவில் குறித்த இடத்தில் வந்து கைரேகை வைக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்த கள்ளர்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. இராமநாதபுரம் மாவட்ட மறவர்மீதும் இச்சட்டம் பாய்ந்தது. கமுதியை அடுத்த பசும்பொன்னைச் சேர்ந்த முத்துராமலிங்கத் தேவர் இதனை எதிர்த்து இயக்கம் நடத்தினார். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அச்சட்டம் நீங்கிற்று. இதில் புராட்டஸ்டண்டு திருச்சபைகளாகிய நமக்கும் பங்குண்டு. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூர் மாவட்டத்தில் ஸ்டூவர்ட்டுபுரம் குடியேற்றத்தை அரசின் சார்பில் நடத்தியது இரட்சணிய சேனை. நற்செய்தியை அறிவிக்க வந்தோர் ஆள் எண்ணிக்கை எடுக்கும் காவலராகவும் ஆயினர். அவர்களுடைய இரக்கத்தை நாம் ஐயுறவில்லை; அவர்கள் யாருடைய காவலராயிருந்தனர் என்பதே கேள்வி.

இவ்வரலாற்றில் ஒரு குரல் பெரும்பாலும் கேட்கப்படுவதேயில்லை. பல கிராமங்களில் வெட்டியானாகவும் நீர்ப்பாய்ச்சியாகவும் களத்தையும் மடையையும் காத்தவர் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊரின் தவசத்தை அவர்கள் காத்தார்கள்; அவர்களுடைய குடிசையைக் காக்கக் காவல் ஒப்பந்தம் எதுவுமில்லை. 1957 செப்டம்பரில் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டதும், அதையடுத்து முதுகுளத்தூர்ப் பகுதி முழுவதும் மூண்ட கலவரமும், கீழத்தூவலில் போலீசார் ஐவரைச் சுட்டதும் இந்நாட்டின் அண்மைக்கால நினைவுகள். அந்நாட்களில் காவல் என்ற சொல்லைக் கேட்டோர் எல்லாரும் ஒரே பொருளில் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி நாயைப் பற்றிச் சிறிது கூறுவோம். இன்றைய விருதுநகர் மாவட்டமே இரண்டு புகழ்பெற்ற நாயினங்களுக்குப் பெயர் தந்தது: இராசபாளையம், சிப்பிப்பாறை. முன்னதற்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால் தலையும் வெளியிட்டது. இவை செல்வர் வீட்டு வேட்டை நாய்களாகவும் காவல் நாய்களாகவும் பேர் பெற்றவை. கிடை போடும் கீதாரியின் நாயோ பேரும் வமிசமும் அற்றது. அறுவடை முடிந்த புஞ்சையில் ஆட்டுக்கிடையைச் சுற்றி இரவெல்லாம் வருவதும், நரியின் வாடை கண்டால் குலைப்பதும் அதன் பணி. யோபு 30:1இல் மந்தையைக் காக்கும் நாய்கள் பேசப்படுகின்றன. வேதாகமத்தில் நாய்க்கு ஒரு தொழில் கூறப்படும் அரிய இடங்களுள் அது ஒன்று. மற்றபடி வேதாகமத்தில் நாய் பெரும்பாலும் இழிவின் அடையாளமே. நம் சமுதாயத்திலும் அவ்வாறே. மனிதரை நாய் என்று விளித்துத் தெருவில் நிற்க வைத்த கொடுமையை நம் சபையார் பலர் அனுபவித்துள்ளனர். ஆகவே இவ்வுருவகத்தைப் பிரசங்க மேடையிலிருந்து எடுத்தெறிவது எளிதன்று என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் தமிழ்ப் பண்பாடு நாயை எப்போதும் இழித்ததில்லை. சிவன் கோயில்களில் பைரவருக்கு நாயே வாகனம். இரவில் நடை சாத்தியபின் கோயிலின் காவல் அவருடையது. கருப்பசாமி கோயில்களில் சுதை நாய்களைக் காணலாம். இவற்றினும் வியப்பானது திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல். முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டினது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பட்டபின் அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பதும், அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அந்த ஊரில் அன்று வாழ்ந்த மனிதருள் எத்தனை பேருடைய பெயரை நாம் அறிவோம்?

ஏசாயா 56:9–12ஐ இப்போது கூர்ந்து நோக்கலாம். 10ஆம் வசனத்தில் வரும் காவற்காரருக்கு எபிரேயத்தில் 'சோபே' என்னும் சொல் நிற்கிறது. எசேக்கியேல் 3:17, 33:7 ஆகியவற்றிலும் அதுவே. இது உயர்ந்த இடத்தில் நின்று தொலைவை நோக்குபவனைக் குறிக்கும். 'ஷோமேர்' என்பது வேறு; பேணிக்காப்பவன். காயீன் கேட்ட கேள்வியிலும், சங்கீதம் 121இலும், ஏசாயா 21:11இன் ஜாமக்காரனிடத்தும் இச்சொல்லையே காண்கிறோம். தமிழில் காவல் என்னும் ஒரே வேர் இரண்டையும் தாங்கிக்கொள்வதால் வேறுபாடு மறைந்துவிடுகிறது. சோபேயின் முதற்பணி சண்டையிடுவதன்று, தண்டிப்பதன்று, கண்டு அறிவிப்பது. ஆகவேதான் குருட்டுத்தன்மையும் ஊமைத்தன்மையும் அங்கே குற்றங்களாகின்றன. 11ஆம் வசனம் அந்நாய்கள் திருப்தியடையாத பெருந்தீனிக்காரர் என்கிறது. குரல் போய்விட்டது, பசி போகவில்லை. சுவந்திரம் அளக்கப்படுகிறது, களவும் நடக்கிறது என்னும் நிலையை இந்நாட்டார் இதைவிடச் சுருக்கமாகக் கேட்டிருக்க முடியாது.

புதிய ஏற்பாட்டில் 'எபிஸ்கோப்போஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும் மேற்பார்வையையே குறிப்பது. அதைப் பழைய திருப்புதல் 'கண்காணி' என்று தமிழாக்கிற்று (பிலி. 1:1, 1 தீமோ. 3:2). அச்சொல்லுக்கும் இவ்வறண்ட நாட்டில் ஒரு தனி வரலாறு உண்டு. பஞ்சத்தால் உந்தப்பட்டு இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் சென்றவர்களை அழைத்துச் சென்றவன் கண்காணி. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளியின் கடன் எழுதப்பட்ட 'துண்டு' இன்றி அவன் வேறு தோட்டத்துக்குப் போக இயலாது; இலங்கையில் 1921இல்தான் அம்முறை நீக்கப்பட்டது. உறவினனாக வந்து கடன்காரனாக்கிய கண்காணியை மக்கள் நினைவில் வைத்திருந்தனர். நாம் இன்று ஆயர், பேராயர் என்று வழங்குவது நன்று. எனினும் கண்காணி என்னும் சொல்லைக் கைவிட்டபோது அது எழுப்பக்கூடிய சங்கடமான கேள்வியையும் சேர்த்துக் கைவிட்டோமோ என்று தோன்றுகிறது. தலைக்கு இவ்வளவு என்று எண்ணி அறிக்கை அனுப்பும் வழக்கம் திருச்சபையிலும் இல்லாமலில்லை.

அமெரிக்கன் மதுரை மிஷனின் பழைய நிலையமாகிய மண்டபசாலையும் பிற்கால நிலையமாகிய அருப்புக்கோட்டையும் இந்நாட்டிலேயே உள்ளன. அங்கு எழுந்த சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. நிலமும் கட்டடமும் பள்ளியும் நம் பொறுப்புக்கு வந்தன. அவற்றைக் காப்போர் யார், காப்போரின் கணக்கைக் கேட்போர் யார் என்பது ஒவ்வொரு மன்றக் கூட்டத்திலும் எழுந்து, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒத்திவைக்கப்படும் விஷயமாக ஆகிவிடுகிறது. அரசியல் நிர்ணய சபையில் 1949இல் அம்பேத்கர் தலைமைக் கணக்காயரை அரசியலமைப்பின் மிக முக்கிய அலுவலராகக் கருதத்தக்கவர் என்றார். அத்தகைய அலுவலரின் மொழி எப்போதும் இனிமையாயிராது. தணிக்கையாளரின் குறிப்பைக் கண்டு 'இவர் சபையை இழிவுபடுத்துகிறார்' என்று சினப்பவர், கிடையில் நாய் குலைத்தது என்று நாயை அடிக்கும் கீதாரியை ஒப்பர். அப்படியொரு கீதாரி எங்கும் இருக்கமாட்டான்.

எசேக்கியேல் 33:2இல் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. காவலாளனை நியமிப்பவர் தேசத்து ஜனங்கள். அவன் அவர்களுக்குள்ளிருந்தே எடுக்கப்படுகிறான். பாடிகாவலை வெளியாருக்கு விற்ற ஊர்ச்சபையாரும், தேசக்காவலைத் தன் கணக்கில் சேர்த்த கம்பெனியும், மக்களைக் கைரேகையால் காத்த சட்டமும் இவ்வொரு நிபந்தனையில்தான் தவறின. தம் காவலைத் தாமே ஏற்ற உறவின்முறைகள் இதில் ஒரு படி முன்னேறியவை. ஆயினும் அக்காவல் தம் உறவின் எல்லையோடு நின்றது.

இறுதியாக ஒரு சிறு மொழிக்குறிப்பு. ஏசாயா 56:10இல் பழைய திருப்புதல் 'குலைக்கமாட்டாத' என்று எழுதுகிறது. எழுத்துத் தமிழில் 'குரைக்க' என்பதே வழக்கு என்று சிலர் இதனைத் திருத்தி வாசிப்பதைக் கேட்டிருக்கிறோம். குலைத்தல் என்பதும் பழைய வழக்கே, அகராதியிலும் உண்டு. மதுரைக்குத் தெற்கே நாய் இன்றும் குலைக்கவே செய்கிறது. திருச்சுழிப் பக்கத்துச் சபையில் அவ்வசனத்தை வாசிக்கும் மாணவர் அச்சொல்லை அப்படியே வாசிப்பாராக. கிடைகாக்கச் சென்று திரும்பிப் பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.